சிறையிலிருந்து அண்ணன் வருகிறார், கூட இன்னொருவரையும் அழைத்து வருவேன் என்கிறார். என்ன செய்யலாம்?

நாட்டுப்படகு:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்துக்கும் வேதாளைக்கும் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம்.

என் அண்ணன் ஏழு வருடத் தண்டனையில் உள்ளே இருக்கிறார். வலை அறுந்த தகராறு. கடலில் ஆரம்பித்த வாய்ச்சண்டை கரைக்கு வந்து கைகலப்பானது. அண்ணன் துடுப்பை எடுத்து வீசினார். அடிபட்டவர் பக்கத்து ஊர்க்காரர், ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் என்று தீர்ப்பு வந்தது. ரெமிஷன் (தண்டனைக் குறைப்பு) எல்லாம் கழித்து இந்த ஆடிக்குள் வந்துவிடுவார் என்று சொல்கிறார்கள்.

நான் கேட்க வந்தது இரண்டு விஷயம். அதற்கு முன் உள்ளே நடந்ததைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

முதலில் அண்ணனைத் தறிக்குத்தான் போட்டிருந்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி பிளாக்கில் உதவிக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். தொழுநோய் வந்து, மருந்து சாப்பிட்டு, எப்போதோ குணமானவர். ஆனால் நோய் விட்டுப்போன அடையாளம் அப்படியே இருந்தது. இரண்டு கையிலும் விரல்கள் மடங்கிப்போயிருந்தன, வலது பாதத்தில் ஆறாத புண். திருடனும் கொலைகாரனும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் அவருக்குப் பந்தியில் இடம் இல்லை. அவர் தட்டைத் தொட மாட்டார்கள். அவர் குளித்துவிட்டுப் போனால் தொட்டிப் பக்கம் ஒருவரும் போக மாட்டார்கள். அவரைப் பார்க்க மனு போட்டு ஒருத்தர்கூட வந்ததில்லையாம். என் அண்ணனும் ஆரம்பத்தில் அவர் தட்டைத் துணியைச் சுற்றித்தான் எடுத்திருக்கிறார்.

அங்கிருந்த கம்பவுண்டர்தான் சொல்லியிருக்கிறார், "இந்தாளிடம் கிருமியே கிடையாதுப்பா, இந்தப் புண் வலி தெரியாததால் வந்த புண்". கட்டுப்போடவும் அவரே பழக்கிவிட்டார். பாதத்தை வெறும் தண்ணீரில் நன்றாக ஊற வைக்க வேண்டும். காய்ப்பை சொரசொரப்பான கல்லில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்கு முன்பே எண்ணெய் தடவ வேண்டும். அப்புறம் விரல் இடுக்கு, குதிகால், ஓரம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முள்ளோ கல்லோ ஏறியிருந்தால் அவருக்குத் தெரியாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதை அண்ணன் தினமும் செய்தார். ஒருநாள் குதிகாலில் ஒரு சின்ன ஆணி முழுசாக ஏறியிருந்ததாம். பெரியவர் அதோடு சாதாரணமாக நடந்து வந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது மனு ரூமில் கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் அழுதார். கோர்ட்டில் தண்டனை சொன்ன அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். அதுவரை நடந்ததை "அந்தக் கேஸ்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்தான் ஒருநாள் கட்டுப் போட்டு முடிந்ததும் கேட்டிருக்கிறார், "நீ அடிச்ச ஆளு பேரு என்ன?" அண்ணனுக்கு வாய் வரவில்லை. விடாமல் தினமும் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒருநாள் பெயரைச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் தனக்குத் தூக்கமே வந்தது என்கிறார்.

இப்போது கேள்வி. ஒன்று, அண்ணனை இனி எந்த வள்ளத்திலாவது ஏற்றுவார்களா? இரண்டு, அந்தப் பெரியவருக்கும் விடுதலை நெருங்கிவிட்டது, போக இடமில்லை. "நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமா" என்று அண்ணன் கேட்கிறார். அம்மா சரி என்கிறார். என் மனைவி வீட்டார் பிள்ளைகள் இருக்கிற வீடு என்று பயப்படுகிறார்கள். தெருவிலும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செவிலியக்கா:

தம்பி, முதலில் பிள்ளைகள் பயத்தை எடுத்துவிடுவோம். நான் இந்த மாவட்டத்தில் கிராமம் கிராமமாகப் போய் வேலை பார்த்தவள். சிகிச்சை முடித்த ஒருவரிடமிருந்து தொழுநோய் யாருக்கும் வராது. சிகிச்சையில் இருப்பவரே முதல் தவணை ரிபாம்பிசின் மருந்து சாப்பிட்ட சில நாளிலேயே பரப்பும் நிலையைத் தாண்டிவிடுகிறார். நம்மில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. கூட்டு மருந்து 1982-லிருந்து இருக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் தீர்ந்தது, அதுவும் இலவசம்.

விரல்கள் அழுகி விழுகின்றன என்று இன்னும் நம்புகிறார்கள். கொல்லிமலையில் பிறந்து, வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்த பால் பிராண்ட் என்ற டாக்டர்தான் அதைப் பொய் என்று உலகத்துக்குக் காட்டினார். நரம்பு செத்து உணர்ச்சி போய்விடுகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரிவதில்லை, முள் குத்தினாலும் தெரிவதில்லை. காயத்தின் மேல் காயமாகப் பட்டுத்தான் விரல் தேய்கிறது. மடங்கிப்போன விரல்களை, தசைநாரை இடம் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அவர் வேலூரில்தான் செய்து காட்டினார். உங்கள் அண்ணன் அந்தக் குதிகாலில் ஆணியைக் கண்டுபிடித்தாரே, தொழுநோய் மருத்துவத்தில் பாதி வேலை அதுதான்.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊருக்குப் போனார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1894-லிருந்து அங்கே தொழுநோயாளிகளை அடைத்து வைத்த இல்லம் இருந்தது. ஒருகாலத்தில் அவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. அவர்கள் எழுதும் கடிதத்தைக் கிருமிநீக்கம் செய்துதான் வெளியே அனுப்புவார்கள். குடும்பத்துக்கு அவமானம் வரக்கூடாதென்று பலர் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். 1990-களின் தொடக்கத்தில், நோயாளிகள் குறைந்துபோனதால் அதே வளாகத்தில் ஒரு பகுதியை அரசு சிறையாக்கியது. தண்டனைக் கைதியும், வாழ்நாள் முழுக்க அங்கேயே கிடந்த வயதான நோயாளியும் ஒரே வளாகத்தில் வாழ்ந்தார்கள். வெளியே பேரும் பணமுமாக இருந்து உள்ளே வந்தவர்கள், குற்றமே செய்யாமல் ஆயுள் முழுக்க அடைபட்டவர்களை அங்கேதான் நேருக்கு நேர் பார்த்தார்கள். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வந்தது.

பெரியவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வந்தபின் என்னென்ன தேவை என்று நான் சொல்கிறேன்.


சம்மாட்டி:

தொழுநோய்க்காரப் பெரியவரைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. செவிலியக்கா சொன்னதே போதும். உங்கள் அண்ணன் விஷயத்தில் மட்டும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு வள்ளம் வைத்திருப்பவன்.

கடலுக்குப் போகும்போது வள்ளத்தில் நாலைந்து பேர்தான். ராத்திரி, நடுக்கடல், வலை சிக்கிக்கொள்ளும், இன்ஜின் நின்றுபோகும், ஒருத்தரை ஒருத்தர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்வோம். அது கடலில் சகஜம். அந்த நேரம் கோபத்தில் துடுப்பை வீசிய ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்றால் மற்ற மூன்று பேரும் என்ன நினைப்பார்கள்? அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்வது? அவர் மாறியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. உள்ளே மாறியதை உள்ளே பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், என் ஆட்களுக்குத் தெரியாது. அதற்கு நாள் ஆகும்.


பழைய_வார்டர்:

சிறைத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தச் சிறை என்று சொல்ல மாட்டேன். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

வெளியே இருப்பவர்கள் கைதி என்றால் எல்லோரையும் ஒரே கூட்டமாக நினைக்கிறார்கள். உள்ளே மேல் கீழ் என்று பெரிய ஏணியே இருக்கிறது. பெரிய கேஸில் வந்தவனுக்கு மரியாதை. காசுள்ளவனுக்கு எடுபிடி. கடைசிப் படியில் இருப்பவர்கள் மனநிலை சரியில்லாதவர்களும், காசநோய், எச்.ஐ.வி. என்று ஆஸ்பத்திரி பிளாக்கில் கிடப்பவர்களும், மனு போட ஆளே இல்லாதவர்களும். சமூகம் ஒதுக்கியவர்கள் கூடி, தங்களுக்குள் இன்னொரு முறை ஒதுக்கி வைப்பார்கள்.

திருந்தியவர்களாக நான் பார்த்தது பெரும்பாலும் அந்தக் கடைசிப் படியில் இறங்கி வேலை பார்த்தவர்களைத்தான். பிரசங்கம் கேட்டுத் திருந்தியவர்களும் இருக்கலாம், எனக்குத் தட்டுப்பட்டது குறைவு. ஒருவனுக்குத் தினமும் சோறு ஊட்ட வேண்டியிருக்கிறது, மலஜலம் எடுக்க வேண்டியிருக்கிறது, தான் போகவில்லையென்றால் அந்த மனிதன் அன்றைக்குப் பட்டினி என்று தெரிகிறது. அப்போது கைதிக்குள் ஏதோ நடக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் கைக்கு வேறு உபயோகம் கிடைக்கிறது.

1932-ல் எரவாடா சிறையில் காந்தியோடு பர்ச்சுரே சாஸ்திரி என்ற சமஸ்கிருத அறிஞர் கைதியாக இருந்தார். அவருக்குத் தொழுநோய் வந்ததால் தனியே பிரித்து வைத்துவிட்டார்கள். பார்க்க அனுமதி கிடையாது, எழுத்தில்தான் தொடர்பு. பிற்பாடு சாஸ்திரி காந்தியின் சேவாகிராம ஆசிரமத்துக்கே வந்து சேர்ந்தபோது, காந்தி தன் குடிசைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்து, தானே புண்ணைக் கழுவி எண்ணெய் தடவிவிட்டார். பயிற்சி முடித்து வரும் இளம் காவலர்களிடம் இதைச் சொல்வது என் வழக்கம்.

தம்பிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விடுதலை அன்று கேட்டுக்கு வெளியே நீங்கள் நிற்க வேண்டும். முன்தினமே போய்விடுங்கள். வெளியே வந்து ரோட்டைப் பார்த்து மலைத்து நிற்கும் ஆட்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் பழைய சிநேகிதன் வந்தால் அவனோடு போய்விடுவார்கள். பெரியவருக்கும் அதே நாள் விடுதலை இல்லையென்றால், அவர் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.


சாயல்குடியான்:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். மனதைத் தொட்டது. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

அண்ணன் விரும்பிப் புண் கழுவினார், அதனால் மனிதரானார் என்று பேசுகிறோம். அதே கழுவும் வேலையையும் கக்கூஸ் வேலையையும் சாதியைக் கேட்டு ஒரு சிலர் தலையில் கட்டிய சிறைகள் இந்த நாட்டில் இருந்தன. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம்தான், சாதி பார்த்து வேலை பிரிக்கும் சிறை விதிகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவர்களுக்கு மீட்சி கிடைத்தது என்று யாரும் எழுதவில்லை. வெளியே வந்தும் அதே வேலைதான் கிடைத்தது. வேலை ஒன்றுதான். தானாக எடுத்துச் செய்கிறோமா, பிறப்பைப் பார்த்துத் திணிக்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு இது பழைய காயம். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி வட்டாரத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1911-லிருந்து அமலானது. கைரேகை பதிந்துவிட்டு, ராத்திரியானால் ஆண்பிள்ளைகள் போலீஸ் கண்ணெதிரே படுக்க வேண்டும். ஒரு குற்றமும் செய்யாத பதினாறு வயதுப் பையனும் படுக்க வேண்டும். 1947-ல்தான் மாகாணத்தில் ரத்தானது. என் தாத்தா அப்படிப் படுத்தவர். சட்டம் போன பிறகும் பக்கத்து ஊரில் ஏதாவது திருட்டு என்றால் எங்கள் தெருவுக்குத்தான் முதலில் வருவார்கள் என்று சொல்லுவார். முத்திரை குத்துவது எவ்வளவு சுலபம், அழிக்க எத்தனை தலைமுறை ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், உங்கள் அண்ணனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது "புண்ணெல்லாம் கழுவியிருக்கார், புனிதமாயிட்டார்" என்று காரணம் சொல்லாதீர்கள். தண்டனை முடிந்த மனிதர் என்ற ஒரே காரணம் போதும்.


நாட்டுப்படகு:

சாயல்குடியான் அண்ணே, நீங்கள் சொல்வது சரி. அண்ணனும் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான்தான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டேனோ என்னவோ. சம்மாட்டி அய்யா, உங்கள் பேச்சில் கோபம் இல்லை, நியாயம் இருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன்.


தங்கச்சிமடம்காரன்:

நானும் சிறையில் இருந்தவன்தான். யாழ்ப்பாணச் சிறை. எல்லை தாண்டினோம் என்று நேவிக்காரர்கள் பிடித்துப்போய், ஊர்காவற்துறை கோர்ட்டில் நிறுத்தி, உள்ளே போட்டார்கள். எங்கள் தீவில் இது வீட்டுக்கு வீடு நடப்பது, விளக்க வேண்டியதில்லை.

அங்கே எங்களுக்கு உதவியது யார் தெரியுமா? அந்த ஊர்க் கைதிகள். கஞ்சா கேஸ், அடிதடி கேஸில் வந்த ஆட்கள். சோப்பும் மாற்றுச் சாரமும் (கைலி) கொடுத்தார்கள். இத்தனைக்கும் எங்கள் இழுவைமடி வலையால் அவர்கள் வீட்டு ஆண்களின் வலை நாசமாகிறது என்ற கோபம் அவர்களுக்கு உண்டு, அதையும் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். திட்டிக்கொண்டே சோற்றைப் பங்கு வைத்தார்கள். என் கூட வந்த பையனுக்கு விடாமல் காய்ச்சல் அடித்தபோது, ஒரு கொலைக் கேஸ் கைதி ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சொல்ல வந்தது வேறு. நாங்கள் திரும்பி வந்தபோது ஊரே வந்து நின்றது. மாலை, ஃபோட்டோ, அதிகாரிகள். 2014 அக்டோபரில் எங்கள் ஊர் ஆட்கள் 5 பேருக்குக் கொழும்பு கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தபோது தங்கச்சிமடமும் ராமேஸ்வரமும் கொந்தளித்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். போதைப்பொருள் வழக்கு. ஒருவர்கூட அவர்களைக் குற்றவாளி என்று நம்பவில்லை. மறு மாதமே ஜனாதிபதி மன்னிப்பில் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் உள்ளே இருந்த நாளெல்லாம் எங்கள் பெயர் கோயில் ஜெபத்தில் இருந்தது.

அப்படிப்பட்ட கடற்கரைதான் இது. சிறைக்குப் போனவன் வீட்டுக்கு அரிசி கொடுக்கத் தெரிந்த ஊர். நம் கோர்ட்டில் தண்டனை வாங்கியவன் வீட்டுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? தம்பி, உங்கள் அண்ணன் உள்ளே இருந்த வருடங்களில் அண்ணி பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.


கடலோரத்தாள்:

நீண்ட நேரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்த அண்ணனின் வழக்குக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. வேறு ஊர், வேறு சம்பவம். என் அப்பாவைக் கரையில் அடித்துக் கொன்றார்கள். அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பாசி எடுக்கப் போக ஆரம்பித்தார். தெரிந்தவர்களுக்குத் தெரியும், கழுத்தளவுத் தண்ணீரில் மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்க வேண்டும். விரலுக்குத் துணி சுற்றியிருந்தாலும் அறுக்கும். அம்மா கையிலும் இப்போது பாதி விரல்களில் உணர்ச்சி குறைவு. நோயால் வந்ததில்லை.

அப்பாவை அடித்தவர் தண்டனை முடிந்து வந்துவிட்டார். திருந்திவிட்டார் என்றே சொல்கிறார்கள். கோயிலுக்குப் போகிறார், குடிப்பதில்லை. ஒருநாள் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார், அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க. அத்தனை பேர் முன்னால் அம்மா என்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டினார். எல்லோரும் சந்தோஷமாகப் போய்விட்டார்கள். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை.

உங்கள் அண்ணன் பெரியவருக்குச் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒருவர் மனிதராவது நல்லதுதான், அவர் பிள்ளைகளுக்கும் நல்லது. ஆனால் அது எங்கள் கணக்கில் வராது. அவர் கழுவிய புண் வேறொருவருடையது. இறந்தவர் வீட்டு வாசலுக்குப் போய் நிற்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர்களாக அழைத்தால் மட்டும் போகட்டும். அழைக்காமலே இருந்துவிட்டால் அதற்காக அந்த வீட்டை யாரும் குறை சொல்லக்கூடாது. சந்தையிலோ பஸ்ஸிலோ எதிரே பார்த்தால், அவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.


செவிலியக்கா:

தங்கச்சி, நீ எழுதியதுக்கு நன்றிம்மா. இதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது.


பழைய_வார்டர்:

மேலே தங்கை எழுதியதை நான் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். உள்ளே கைதி சம்பாதிக்கும் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான நிதிக்குப் பிடிப்பார்கள். அந்த நிதி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. தம்பி, நீங்களோ உங்கள் அண்ணனோ நேரடியாகப் போக வேண்டாம். ஊர்ப் பொதுவான ஒருவர் மூலமாக அந்த வீட்டாருக்கு, மனுக் கொடுத்தால் உதவி கேட்கலாம் என்ற தகவல் மட்டும் போய்ச் சேரட்டும். கொடுத்தது யார் என்று தெரியவே வேண்டாம்.


நாட்டுப்படகு:

தங்கச்சி, உங்கள் பதிவை நேற்று ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். காலையில், "அவனை அந்த ஊர்ப்பக்கமே அனுப்பாதே, மீன் விற்கக்கூட வேற சந்தைக்குப் போகட்டும்" என்றார். அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்கப் போகும் எண்ணம் இருந்தது. அடுத்த மனுவில் நீங்கள் எழுதியதை அப்படியே சொல்வேன்.

தங்கச்சிமடத்து அண்ணே, நீங்கள் நினைத்தது சரிதான். அண்ணிக்கு முதல் வருடம் கடனுக்குக்கூட யாரும் சாமான் கொடுக்கவில்லை. அண்ணி நண்டுக் கம்பெனியில் உரிக்கும் வேலைக்குப் போய்த்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.


ஏர்வாடி_ரோடு:

வாசித்துக்கொண்டே வந்தேன், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். வார்டர் அய்யா மனநிலை சரியில்லாத கைதிகளைச் சொன்னார். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி எங்கள் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். ஒரு குற்றமும் செய்யாதவர்கள், குடும்பமே கொண்டுவந்து விட்டுப்போனவர்கள். இப்போது 2017 மனநலச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. சட்டம் வருவதற்கு முன்பும் பின்பும் இந்தப் பகுதியில் அந்த மனிதர்களுக்குச் சோறு போட்டு, குளிப்பாட்டிவிடுகிற சாதாரண ஆட்கள் உண்டு. டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், பூக்காரம்மா. அவர்களில் ஜெயிலுக்குப் போய்வந்த ஒருவரும் இருக்கிறார். எதற்காகப் போனார் என்று நான் கேட்டதில்லை. சவரம் செய்துவிடுவார். பிளேடைக் கையில் வைத்திருக்கும் அவரிடம், யாரைப் பார்த்தாலும் கத்துகிற ஒருவர் முகத்தைக் கொடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.


கோர்ட்_வாசல்:

வழக்கறிஞராகச் சில நடைமுறை விஷயங்கள்.

அண்ணன் வரும்போது விடுதலைச் சான்றைப் பத்திரமாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மீனவர் அடையாள அட்டை காலாவதியாகியிருந்தால் மீன்வளத் துறையில் புதுப்பிக்க வேண்டிவரும், ஆதார் முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்ப்பது நல்லது. விடுதலையான கைதிகளுக்குத் தொழில் தொடங்க உதவும் சங்கம் ஒன்று அரசு ஆதரவில் இயங்குகிறது, அவர்தான் வழிகாட்டுவார்.

பெரியவருக்குச் சட்டப்படி நிறையவே இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தொழுநோயிலிருந்து குணமானவர்கள் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அடையாள அட்டையும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். தொழுநோயாளிகளை அடைத்து வைக்க அனுமதித்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் ரத்தானது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கும் பிரிவை 2019-ல் நீக்கினார்கள். இவ்வளவு சமீபம் வரை சட்டமே ஒதுக்கியிருக்கிறது என்றால் தெருவைக் குறை சொல்லி என்ன பயன். தெருவில் யாராவது "இங்கே குடி வைக்கக்கூடாது" என்று தடுத்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். காசு வேண்டாம்.


சம்மாட்டி:

இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்தேன். வீட்டிலும் பேசினேன்.

இப்போதைக்கு வள்ளத்தில் ஏற்ற மாட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் என் ஷெட்டில் வலை பின்னவும் பொத்தல் அடைக்கவும் ஆள் வேண்டும். நண்டு வலைக்கு ஈயம் கோர்க்கும் வேலையும் குவிந்து கிடக்கிறது. நாள் கூலி, மற்றவர்களுக்கு என்னவோ அதே. என் ஆட்கள் எல்லோரும் காலையும் மாலையும் அந்த ஷெட்டுக்கு வந்துதான் போவார்கள், டீ குடிப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், பேசிப் பழகுவார்கள். வாடைக்காலம் முடியட்டும். அதற்குப் பிறகு என் ஆட்களே "அவரையும் ஏத்திக்கலாம்" என்று சொன்னால் ஏற்றுவேன். சொல்லாவிட்டால் ஷெட்டு வேலை தொடரும். ஒரு நிபந்தனை, ஷெட்டில் யாருடனாவது சண்டை என்றால் அன்றே நிறுத்திவிடுவேன். இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு வருத்தம் வேண்டாம்.

அந்தப் பெரியவரும் வரலாம். உட்கார்ந்திருக்க நிழல் இருக்கிறது.


நாட்டுப்படகு:

அய்யா, தனிச்செய்தியில் என் நம்பர் அனுப்பியிருக்கிறேன். நிபந்தனை சரி. அண்ணன் மறுக்க மாட்டார்.

வீட்டில் பேசி முடிவாகிவிட்டது. செவிலியக்கா எழுதியதை மாமனாருக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். இரண்டு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். "அப்ப எனக்கென்ன" என்றுவிட்டார். அண்ணன் வந்ததற்கு அடுத்த மாதம் பெரியவருக்கு விடுதலை. அவர் வருவதற்குள் பின்பக்கத் திண்ணையை அடைத்து ஒரு அறை போடப்போகிறோம்.

அக்கா, அவருக்குச் செருப்பு எங்கே வாங்குவது? சாதாரணச் செருப்பு போட்டால் மறுபடி புண்ணாகும் என்று அண்ணன் சொன்னார்.


செவிலியக்கா:

கடையில் வாங்க வேண்டாம். எம்.சி.ஆர். செருப்பு என்று ஒன்று உண்டு, உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டியான அடிப்பாகம். ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்திருப்பார்கள். மாவட்டத் தொழுநோய்ப் பிரிவு மூலமாக இலவசமாகக் கிடைக்கும், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அளவுக்கு, ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பாதத்தையும் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து கொண்டுபோங்கள். புண் இருக்கும் இடத்தை அதே தாளில் குறித்துவிடுங்கள். முடிந்தால் அண்ணன் விடுதலையாகிற அன்றே உள்ளிருந்து வரைந்து எடுத்துவரட்டும், பெரியவர் வருவதற்குள் செருப்பு தயாராகிவிடும். அறையில் தரை சொரசொரப்பாக இல்லாமல் பூசச் சொல்லுங்கள், அடுப்பு அந்தப் பக்கம் வேண்டாம், டம்ளருக்குக் கைப்பிடி இருக்கட்டும்.